மூளை வரைபடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக வந்தால்: ஓய்வுநிலை ஸ்கேன் பகுப்பாய்வில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ. (பணி எதுவும் கொடுக்காமல், சும்மா படுக்கவைத்து மூளையின் செயலைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாகிவிட்டது. பகுப்பாய்வும் முடிந்து வரைபடம் திரையில் இருக்கிறது. ஆனால் எங்கோ இடிக்கிறது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது, அல்லது மூளை முழுவதும் ஒரே நிறத்தில் எரிகிறது, அல்லது ஓரத்தில் வளையம் போல ஏதோ ஓடுகிறது. அப்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கான குறிப்பு இது. ஸ்கேன் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட், தரவைப் பகுப்பவர், ரேடியாலஜி படிக்கும் மாணவர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எஃப்.எஸ்.எல்., எஸ்.பி.எம்., ஏ.எஃப்.என்.ஐ., கான் என்று எந்த மென்பொருளை வைத்து வேலை செய்தாலும் பிழைகள் பெரும்பாலும் இவைதான்.

அடிப்படையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1995ல் பரத் பிஸ்வாலும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒன்றைக் காட்டினார்கள். விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இடது, வலது இயக்கப் புறணிகளின் (உடல் அசைவை நடத்தும் மூளை மேற்பரப்பின்) சிக்னல் மெதுவாக, சேர்ந்தே ஏறி இறங்குகிறது. இப்படிச் சேர்ந்து ஆடும் பகுதிகளை நெட்வொர்க் என்கிறோம், எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்பதை ஒட்டுறவு என்கிறோம். இந்த ஏற்ற இறக்கம் 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடக்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 10 வினாடிக்கு மேல் ஆகும். ஸ்கேனர் நரம்பு செல்லின் மின்துடிப்பை நேராக அளப்பதில்லை. செல் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாக வருகிறது, அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது. போல்ட் சிக்னல் என்கிறோமே, அது இதுதான். ஆக நரம்பு, ரத்தக்குழாய், ஸ்கேனர், மென்பொருள் என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் அறுந்தாலும் கடைசியில் திரையில் தெரிவது ஒரே மாதிரியான வெறுமைதான்.

அபாயமும் அங்கேதான் இருக்கிறது. வரைபடத்தில் நிறம் இல்லாத இடத்தை ‘இங்கே முக்கியமான செயல் எதுவும் இல்லை, வெட்டலாம்’ என்று யாராவது படித்துவிட்டால் நோயாளி கையின் இயக்கத்தை இழக்கலாம், பேச்சை இழக்கலாம். அதனால் கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறோம்: இது மூளையின் செய்தியா, குழாயின் செய்தியா, கருவியின் செய்தியா, நாம் செய்த கணக்கின் செய்தியா?

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பதப்படுத்தாத தரவைத் திறந்து சினிமா போல ஓட்டிப் பாருங்கள். தலை குதிப்பது, திடீரென்று ஒரு ஸ்லைஸ் (மூளையின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) கறுப்பது, கண்விழிக்கு நேராகப் பட்டை விழுவது எல்லாம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் மூன்று படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வால்யூம்களின் (ஒவ்வொரு தடவையும் எடுக்கும் முழு மூளைப் படங்களின்) சராசரி படம் ஒன்று. ஒவ்வொரு வாக்ஸலிலும் (படத்தின் மிகச் சிறிய கனத்துண்டிலும்) சராசரியை நேரவழி விலகலால் வகுத்து வரும் டி.எஸ்.என்.ஆர். படம் இரண்டாவது. தலை அசைவின் வரைகோடு மூன்றாவது. இவை இல்லாமல் கடைசி வரைபடத்தை மட்டும் பார்த்துப் பிழை தேடினால் நாள்கணக்கில் சுற்ற வேண்டிவரும்.

அறிகுறி: கட்டி இருக்கும் பக்கத்தில் இயக்க நெட்வொர்க்கைக் காணவில்லை

அடிக்கடி வருவதும் இதுதான், ஆபத்தானதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

முதலில் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கையின் வலு முழுமையாக இருக்கிறது என்று நியூராலஜிஸ்ட் எழுதியிருந்தால் அந்தப் புறணி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. படம் காட்டாவிட்டால் படத்தில்தான் கோளாறு. கையில் ஏற்கெனவே பலவீனம் இருந்தால் மட்டுமே ‘உண்மையாகவே செயல் குறைந்திருக்கலாம்’ என்ற வழி திறக்கிறது. அப்போதும் அது ஒரு வாய்ப்புதான்.

அடுத்து சராசரி படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே சிக்னலே இல்லையா? பழைய ரத்தக்கசிவு, முந்தைய அறுவையில் வைத்த கிளிப், டைட்டானியத் தகடு இவையெல்லாம் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்து ஓட்டை விழச் செய்யும். டி.எஸ்.என்.ஆர். படத்தில் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் சட்டென்று தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் எந்தப் பகுப்பாய்வும் அதை நிரப்பாது. அந்தப் பகுதியைக் கோடிட்டு, ‘தரவு இல்லை’ என்று தனி நிறத்தில் குறித்துவிடுங்கள்.

சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒட்டுறவு இல்லை என்றால் சீட் (மற்ற இடங்களோடு ஒப்பிட நாம் தேர்ந்தெடுக்கும் தொடக்கப் புள்ளி) வைத்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். பொது வார்ப்பு மூளையின் (எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் மாதிரி மூளையின்) ஆயத்தொலைவை அப்படியே எடுத்து வைத்திருந்தால் கட்டி தள்ளிய மூளையில் அந்தப் புள்ளி வெண்பொருளிலோ, வீக்கத்திலோ, கட்டிக்குள்ளேயோ போய் விழுந்திருக்கும். கைக்கான இயக்கப் பகுதியை உடற்கூற்றுப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். அச்சுத்தளத்தில் மத்திய பள்ளத்தை ஒட்டி ஒமேகா வடிவத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து, நோயாளியின் சொந்தப் படவெளியிலேயே சீட் வையுங்கள். கட்டிப் பக்கம் அடையாளம் தெரியாவிட்டால் நல்ல பக்கத்தில் வைத்து எதிர்ப்பக்கத்தில் என்ன எழுகிறது என்று பாருங்கள். சிறுமூளையின் எதிர்ப்பக்கத்தில் சீட் வைப்பதும் சில நேரம் கைகொடுக்கும்.

வார்ப்புக்கு மாற்றும் கட்டத்திலும் இதே கோளாறு ஒளிந்திருக்கும். ஆரோக்கியமான மூளைக்கு எழுதிய நிரல், கட்டியை ஏதோ ஒரு மடிப்பாக நினைத்துக்கொண்டு அதை இழுத்து நீட்டப் பார்க்கும். கட்டிப் பகுதியை முகமூடியிட்டுக் கணக்கிலிருந்து விலக்கும் முறை 2001லிருந்தே இருக்கிறது. தனி நோயாளிக்கு அதைவிடப் பாதுகாப்பானது, நோயாளியை வார்ப்புக்கு இழுக்காமல் அட்லஸை (மூளைப் பகுதிகளைக் குறித்த வரைபடத்தை) நோயாளியிடம் கொண்டுவருவது. அறுவை மருத்துவர் நேவிகேஷனில் (அறுவையின்போது இடம் காட்டும் கணினியில்) பார்க்கப்போவதும் நோயாளியின் சொந்த மூளையைத்தானே.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வெறுமை தொடர்ந்தால் ரத்தக்குழாய்க்கு வாருங்கள். தீவிர நிலைக் கிளையோமாவில் (வேகமாக வளரும் ஒருவகை மூளைக்கட்டியில்) கட்டியைச் சுற்றிய புதுக்குழாய்கள் ஒழுங்காக விரிந்து சுருங்குவதில்லை. தமனி–சிரைக் குறைபாட்டில் ரத்தம் குறுக்குவழியில் பாய்ந்துவிடுகிறது. நரம்பு செல் உயிரோடு வேலை செய்யும், குழாய் பதில் சொல்லாது, போல்ட் சிக்னல் எழாது. இதை நரம்பு–குழாய் இணைப்பு அறுதல் என்று சொல்லலாம். பணி கொடுத்து எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யும் இதே போல்ட் சிக்னலை நம்பியிருப்பதால் இதே இடத்தில் இதே மாதிரி ஏமாற்றும். இரண்டு முறையிலும் வெறுமை வந்தது என்பதை உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி மூச்சடக்கும் ஸ்கேன். நோயாளி சுமார் 15 வினாடி மூச்சை அடக்கி, அப்புறம் அரை நிமிடத்துக்கு மேல் சாதாரணமாக மூச்சு விட்டு, இப்படிச் சில சுற்றுகள் செய்தால் போதும். கார்பன் டைஆக்ஸைடு ஏறும், குழாய்கள் விரியும், மூளை முழுவதும் சிக்னல் ஏறும். எங்கே ஏறவில்லையோ அங்கே குழாய் பதில் சொல்லவில்லை. மூச்சடக்க முடியாதவர்களுக்கு ஓய்வுநிலைத் தரவையே 0.02 முதல் 0.04 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, மூளை முழுவதற்குமான சராசரிச் சிக்னலோடு ஒப்பிட்டு ஒரு தோராயமான குழாய்ப் படம் எடுக்க முடியும். கட்டியும் குழாய்ப் படத்தின் ஓட்டையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் அந்த இடத்தின் வெறுமைக்கு எந்த அர்த்தமும் கொடுக்கக் கூடாது. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

குழாய் பதில் சொல்கிறது, ஆனால் தாமதமாகச் சொல்கிறது என்றும் வரலாம். கழுத்துத் தமனி அடைப்பு, மொயமொயா (மூளைத் தமனிகள் மெல்லச் சுருங்கும் நோய்), பழைய பக்கவாதம் இருப்பவர்களிடம் இதைப் பார்க்கலாம். நாம் போடும் ஒட்டுறவுக் கணக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. 0.05 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 வினாடி. ஒரு பக்கம் 5 வினாடி பிந்தினால் அது கால் சுற்று, ஒட்டுறவு சுழியமாகிவிடும். 10 வினாடி பிந்தினால் எதிர்மறையாகவே மாறிவிடும். இரண்டு பக்கமும் கச்சிதமாக இணைந்திருந்தும் வரைபடம் ‘இணைப்பு இல்லை’ என்று சொல்லும். ஒரு பக்கச் சிக்னலை வினாடி வினாடியாக நகர்த்தி ஒட்டுறவு எங்கே உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். நகர்த்தியதும் நெட்வொர்க் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: எங்கே சீட் வைத்தாலும் மூளை முழுவதும் எரிகிறது

எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்து ஆடுகிறது என்றால் ஏதோ ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டுகிறது. பெரும்பாலும் அது மூச்சு. ஒருவர் பெருமூச்சு விட்டால் கார்பன் டைஆக்ஸைடு மாறி மூளை முழுவதும் சிக்னல் சில வினாடி கழித்துத் தாழும். தலை அசைவும் இதையே செய்யும். ஸ்கேனரின் மெதுவான நகர்வை நீக்க மறந்திருந்தாலும் இப்படித்தான் வரும். மூச்சுப் பட்டையும் விரல் நாடி அளவியும் மாட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து ஒப்பிடுங்கள். மாட்டாமல் ஸ்கேன் எடுக்கும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலைதான்.

இதயத் துடிப்பு இதில் எப்படி வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. டி.ஆர்., அதாவது ஒரு வால்யூம் எடுக்கும் நேரம், 2 வினாடி என்றால் 0.25 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதையும் அதன் உண்மை வேகத்தில் பார்க்க முடியாது. நிமிடத்துக்கு 66 முறை துடிக்கும் இதயம் 1.1 ஹெர்ட்ஸ். அது மடிந்து 0.1 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும், நாம் நெட்வொர்க் தேடும் அலைவெண் பட்டையின் விளிம்பிலேயே. வடிகட்டி அதைத் தடுக்காது. மூளைத்தண்டுவட நீரும் வெண்பொருளும் கொடுக்கும் சிக்னலை ரெக்ரெஷனில் (வேண்டாத சிக்னலைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறையில்) சேர்த்தால் ஒரு பகுதி குறையும்.

சரி, மூளை முழுவதற்குமான சராசரிச் சிக்னலை நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கினால் வரைபடம் உடனே அழகாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்று 2009ல் வந்த ஆய்வுகள் கணிதமாகவே காட்டின. சராசரியை நீக்கியதும் ஒட்டுறவுகள் சுழியத்தைச் சுற்றி நகர்ந்துவிடும், எதிர்மறை ஒட்டுறவுகள் எங்காவது தோன்றியே தீரும். எனவே நீக்கிய பின் எதிர்மறையாகத் தெரியும் நீலப் பகுதிகளை ‘இவை ஒன்றையொன்று அடக்குகின்றன’ என்று விளக்கவே வேண்டாம். ஒரு குழாய்ப் பரப்பு முழுவதும் தாமதமாக இருக்கும் நோயாளியில் இது இன்னும் மோசம். நல்ல பகுதியின் தலைகீழ் நகல் நோயுற்ற பகுதியில் பதிந்துவிடும். என் பரிந்துரை, நீக்கியும் நீக்காமலும் இரண்டு வரைபடம் எடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் நெட்வொர்க்கை மட்டும் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மூளையின் விளிம்பில் வளையம், அல்லது ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் கோடு கோடாக

வளையம் என்றால் தலை அசைவு. கோடுகள் என்றால் இடைவிட்ட வரிசையில் (ஒன்றுவிட்டு ஒன்றாக) ஸ்லைஸ் எடுக்கும்போது நடந்த அசைவு, அல்லது ஸ்லைஸ் நேரத் திருத்தத்தில் தவறான வரிசை கொடுத்தது. சீமென்ஸ் கருவிகளில் இடைவிட்ட முறையில் ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1ல் தொடங்கும், இரட்டைப்படையானால் 2ல் தொடங்கும். ஊகிக்காதீர்கள், டைகாம் (ஸ்கேனர் படத்தைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) தலைப்பில் ஸ்லைஸ் நேரங்கள் எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2012ல் இந்தத் துறையையே உலுக்கிய ஒன்று நடந்தது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு உட்பட மூன்று குழுக்கள் தனித்தனியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே ஒட்டுறவுகளை மாற்றிவிடுகிறது என்று காட்டின. பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே ஒட்டுறவு கூடுகிறது, தொலைவில் உள்ளவற்றுக்கு இடையே குறைகிறது. வாக்ஸல் 3 மி.மீ. இருக்கிறது, அசைவு அதற்குள்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வது அதோடு முடிந்தது. அன்று முதல் வால்யூமுக்கு வால்யூம் அசைவை எஃப்.டி. என்று அளந்து, 0.5 மி.மீ., கண்டிப்பானவர்கள் 0.2 மி.மீ., தாண்டிய வால்யூம்களை ஒதுக்குகிறார்கள். எஃப்.டி. கணக்கிட இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே அசைவுக்கு வெவ்வேறு எண் கொடுக்கும். எந்தச் சூத்திரத்துக்கு எந்த வரம்பு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் கடன் வாங்காதீர்கள்.

மல்டிபேண்டில் (பல ஸ்லைஸ்களை ஒரே நேரத்தில் எடுக்கும் முறையில்) ஒரு வினாடிக்குக் குறைந்த டி.ஆர். வைத்து எடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. அசைவு வரைகோட்டில் 0.2 முதல் 0.3 ஹெர்ட்ஸில் ஒழுங்கான அலை ஒன்று ஓடும், அதுவும் பேஸ் என்கோட் திசையில் (காந்தப்புலம் மாறினால் படம் இழுபடும் திசையில்) பெரிதாக. மார்பு ஏறி இறங்கும்போது காந்தப்புலம் லேசாக மாறுகிறது, படம் நகர்ந்தது போலத் தெரிகிறது. தலை அந்த அளவுக்கு அசைவதில்லை. இதை அப்படியே எஃப்.டி.யில் போட்டால் நல்ல வால்யூம்கள் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும். அசைவு மதிப்புகளிலிருந்து மூச்சு அலைவெண்ணை வடிகட்டிவிட்டு அப்புறம் எஃப்.டி. கணக்கிடுங்கள்.

அறிகுறி: எவ்வளவு சுத்தம் செய்தாலும் இரைச்சல் திரும்ப வருகிறது, அல்லது சுத்தம் செய்தபின் நெட்வொர்க்கே காணாமல் போகிறது

இரண்டுக்கும் காரணம் வேறு.

இரைச்சல் திரும்ப வருகிறது என்றால் படிகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் தரவை 0.01–0.1 ஹெர்ட்ஸுக்கு வடிகட்டிவிட்டு, பின்னர் வடிகட்டாத அசைவு மதிப்புகளை வைத்து ரெக்ரெஷன் செய்தால், வெளியே தள்ளிய அலைவெண்கள் அந்த மதிப்புகளின் முதுகில் ஏறி உள்ளே வந்துவிடும். இரண்டையும் ஒரே வடிகட்டியில் போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே கணித மாடலில் ஒரே படியாகச் செய்யுங்கள். ஒதுக்கவேண்டிய வால்யூம்களை வடிகட்டும் முன்பே இடைமதிப்பால் நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குதிப்பு, வடிகட்டியின் வழியே இரண்டு பக்கமும் பரவி அருகில் இருந்த நல்ல வால்யூம்களையும் கெடுக்கும்.

நெட்வொர்க்கே போய்விட்டது என்றால் கணக்குப் போடுங்கள். டி.ஆர். 2 வினாடியில் 10 நிமிடம் எடுத்தால் 300 வால்யூம்கள். அதில் 60ஐ அசைவுக்காக ஒதுக்கினீர்கள், மிச்சம் 240. பட்டை வடிகட்டி 0.25 ஹெர்ட்ஸ் அகலத்தில் 0.09ஐ மட்டும் விடுகிறது, அதாவது 36 விழுக்காடு. மிச்சம் சுமார் 86. அதிலிருந்து 36 தொந்தரவு மாறிகளை (அசைவு போன்ற இரைச்சலை நீக்கச் சேர்த்தவற்றை) கழித்தால் 50தான் தேறும். 300 புள்ளிகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு உண்மையில் ஐம்பதை வைத்து ஒரு மனிதரின் மூளைக்கு வரைபடம் போடுகிறோம். நூறு பேரின் சராசரி எடுக்கும் ஆய்வில் இதைத் தாங்கலாம். ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லவேண்டிய மருத்துவ வேலையில் தாங்காது. ஸ்கேனை நீட்டுங்கள். 5 நிமிடம் போதும் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிடலாம், 10 முதல் 15 நிமிடம் வரை எடுக்க முடிந்தால் நம்பகத்தன்மை தெளிவாகக் கூடுகிறது. ஒரே மூச்சில் முடியாதவர்களுக்கு இரண்டு ஓட்டமாகப் பிரித்து, நடுவே பேச்சுக் கொடுத்து, மறுபடி தொடங்கலாம்.

அறிகுறி: முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுமடல் நுனியும் எப்போதும் காலி

சைனஸ்களில் உள்ள காற்று, காதெலும்பு இவற்றின் அருகே காந்தப்புலம் சீராக இருக்காது. எதிரெதிர் பேஸ் திசையில் சில வால்யூம்கள் கூடுதலாக எடுத்துவைத்தால் வளைவைத் திருத்தலாம். திருத்தம் இழுபட்ட சிக்னலைத்தான் அதன் இடத்தில் வைக்கும், அழிந்த சிக்னலை மீட்காது. பல் கம்பி மாட்டியவர்களிடம் இந்தக் காலி இடம் பெரிதாகும்.

அறிகுறி: இடமும் வலமும் மாறியிருக்கிறதோ என்ற சந்தேகம்

சந்தேகம் வந்த கணமே மற்ற வேலையை நிறுத்திவிடுங்கள். டைகாமில் அச்சுகள் நோயாளியின் இடது, பின், மேல் நோக்கி வளரும். நிஃப்டியில் (பகுப்பாய்வு மென்பொருள்கள் பயன்படுத்தும் கோப்பு வடிவத்தில்) வலது, முன், மேல் நோக்கி வளரும். மாற்றும் மென்பொருள் இதைச் சரியாகக் கையாளும், ஆனால் நடுவில் யாரோ எழுதிய சின்ன நிரல் படத்தின் எண் அணியை மட்டும் எடுத்துக்கொண்டு தலைப்பை விட்டுவிட்டால் போச்சு. பழைய அனலைஸ் கோப்பு வடிவத்தில் இந்தத் தகவலுக்கு நம்பகமான இடமே கிடையாது. போதாததற்கு, எஃப்.எஸ்.எல். பார்வைக்கருவி ரேடியாலஜி வழக்கப்படி நோயாளியின் இடப்பக்கத்தைத் திரையின் வலப்பக்கம் காட்டும், எஸ்.பி.எம். இடப்பக்கத்தை இடப்பக்கத்திலேயே காட்டும்.

படங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் இரு பாதியும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் இடவலம் மாறிய படமும் மிக நன்றாகவே பொருந்தும். நோயாளியின் வலப்பக்க நெற்றியில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டி ஸ்கேன் எடுப்பது பழைய, நல்ல வழக்கம். உடற்கூற்றுப் படத்தில் பளிச்சென்று தெரியும். எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்புச் சிக்னலை அடக்குவதால் அது மறைந்துவிடலாம். அப்போது கட்டியே அடையாளம்: பதப்படுத்தாத எஃப்.எம்.ஆர்.ஐ. படத்திலும், உடற்கூற்றுப் படத்திலும், கடைசி வரைபடத்திலும், ரேடியாலஜி அறிக்கையிலும் கட்டி ஒரே பக்கம்தானா? நான்கையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யவேண்டியது இது.

அறிகுறி: மொழி எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை

இங்கே உங்கள் பகுப்பாய்வில் குறை இல்லாமலேயே இப்படி வரலாம். ஓய்வுநிலை ஒட்டுறவு இயல்பாகவே இருபுறமும் ஒத்த பகுதிகளை இணைத்துக் காட்டும். இடப்பக்கப் புரோக்கா பகுதியில் (பேச்சை உருவாக்கும் பகுதியில்) சீட் வைத்தால் வலப்பக்கத்தின் ஒத்த இடமும் கூடவே எழும். வலக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்கம்தான், ஆனால் இடக்கையாளர்களிலும் சிறுவயதிலிருந்தே வலிப்பு இருப்பவர்களிலும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்குப் பணி கொடுத்து எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. வேண்டும். அதிலும் தெளிவில்லாவிட்டால் ஒரு பக்கக் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி அந்தப் பாதியைச் சற்று நேரம் உறங்கவைக்கும் வாடா சோதனை இருக்கிறது. ஜூன் வாடா 1949ல் எழுதிய முறை அது.

பணி கொடுக்கும்போது மொழியைக் கவனியுங்கள். ஆங்கிலச் சொற்களை வைத்துத் தயாரித்த சோதனையை, தமிழில் மட்டும் பேசும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நெட்வொர்க் எழவில்லை என்று எழுதுவது அநியாயம். வினைச்சொல் சொல்லும் பணி, வாக்கியத்தை முடிக்கும் பணி இரண்டையும் தமிழில் தயாரித்துக்கொள்ளலாம். நோயாளி பேசவே முடியாத நிலையில், அல்லது சொல்வது புரியாத குழந்தையிடம், ஓய்வுநிலை ஸ்கேன்தான் கைவசம் இருக்கும் வழி. செயின்ட் லூயிஸ் குழு அதை அறுவைத் திட்டத்தில் வழக்கமாகச் சேர்த்ததற்கும் பணி செய்ய முடியாத நோயாளிகள் ஒரு காரணம். மொழிப் பகுதிகள் எங்கே இருக்கலாம் என்று அது சொல்லும். எந்தப் பக்கம் ஆதிக்கம் என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஐ.சி.ஏ. (சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்குமுறை) பயன்படுத்துபவர்கள் கூறுகளின் எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். 20, 30 என்று வைத்தால் கையும் முகமும் ஒரே இயக்கக் கூறாக வரும். 70க்கு மேல் போனால் தனித்தனியாகப் பிரியும், மொழி நெட்வொர்க்கும் துண்டாகலாம். ஒரு எண்ணில் காணாததை இன்னொரு எண்ணில் தேடிவிட்டு அப்புறம் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

அறிகுறி: டிஃபால்ட் மோட் நெட்வொர்க் முன்னும் பின்னுமாகப் பிரிந்து கிடக்கிறது

டிஃபால்ட் மோட் என்பது சும்மா இருக்கும்போது மூளையின் முன்பகுதியும் பின்பகுதியும் சேர்ந்து ஆடும் நெட்வொர்க். அது பிரிந்தால் நோயாளி தூங்கியிருக்கலாம். ஓய்வுநிலை ஸ்கேன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 3 நிமிடத்துக்குள்ளேயே விழிப்பை இழக்கிறார் என்று 2014ல் வந்த ஆய்வு காட்டியது. வலிப்பு மருந்து சாப்பிடுபவர், முந்தின இரவு தூங்காதவர் என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணைத் திறந்து ஒரு கூட்டல் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள், கேமரா இருந்தால் கண்ணைக் கவனியுங்கள், முடிந்ததும் ‘தூங்கினீர்களா’ என்று சாதாரணமாகக் கேட்டு எழுதிவையுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து எடுத்த குழந்தைகளின் ஸ்கேனில் இயக்க நெட்வொர்க் ஓரளவு தாக்குப்பிடிக்கும், உயர்நிலை நெட்வொர்க்குகள் மங்கும். மயக்கம் மிக ஆழமானால் மூளையின் மின்செயல் வெடித்து வெடித்து அடங்கும் தாளத்துக்குப் போய் முழு மூளையும் ஒன்றாக எரியும், மேலே சொன்ன இரண்டாவது அறிகுறி போலவே. மயக்க மருத்துவரின் தாளில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். அதன் நகல் ஒன்று தரவோடு இருக்கட்டும்.

அறிகுறி: நேற்றும் இன்றும் வேறு வேறு வரைபடம்

ஐ.சி.ஏ. ஒவ்வொரு முறையும் தற்செயல் தொடக்கத்திலிருந்து கிளம்பும். அந்தத் தொடக்க எண்ணைப் பதிவுசெய்து நிலைப்படுத்துங்கள். மென்பொருள் பதிப்பை நடுவில் யாரும் மாற்றவில்லையே என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் தரவே போதாது. முதல் பாதியில் ஒரு வரைபடம், இரண்டாம் பாதியில் ஒரு வரைபடம் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முழுத் தரவின் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். மறு ஸ்கேன் கேளுங்கள்.

அறிகுறி: ‘நெட்வொர்க் கட்டியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது

நிறம் காட்டுவதற்கான ஒட்டுறவு வரம்பு மதிப்பை 0.3லிருந்து 0.5க்கு ஏற்றினால் நிறம் சுருங்கும், தூரம் கூடும். மூளை அப்படியேதான் இருக்கிறது. 6 அல்லது 8 மி.மீ. மழுக்கல் (பக்கத்து வாக்ஸல்களோடு சராசரி எடுத்து மென்மையாக்குதல்) சேர்த்திருந்தால் பள்ளத்தின் ஒரு கரையில் உள்ள சிக்னல் மறுகரைக்கும் வழிந்திருக்கும். எனவே ஒரே எண்ணாகக் கொடுக்காமல் மூன்று வரம்புகளில் மூன்று படம் கொடுங்கள். மண்டையோட்டைத் திறந்ததும் மூளை சரிந்து நகரும் என்பதால், அறுவைக்கு முன் அளந்த தூரம் மேசையில் அப்படியே இருக்காது. விளிம்பில் முடிவெடுப்பது அறுவையின்போது புறணியை மின்தூண்டிப் பார்ப்பதால்தான். எங்கே தூண்டிப் பார்க்கவேண்டும் என்று சொல்வதற்கு நம் வரைபடம் உதவும்.

அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: நெட்வொர்க் தெரிகிறது, தரவு நன்றாக இருந்தும் தெரியவில்லை, தரவோ குழாயோ சரியில்லாததால் சொல்ல முடியாது. மூன்றாவது வகைக்கு வரைபடத்தில் தனியாக ஒரு சாம்பல் நிறம் கொடுத்து, நேவிகேஷன் கணினிக்கு அனுப்பும் கோப்பிலும் அந்தச் சாம்பல் அடுக்கைச் சேர்த்தே அனுப்புங்கள்.